பத்து அங்குலம்

லைனோலியத்தைக் கிழித்தபோது
அடியில் ஐந்து சுவரொட்டிகள் கிடந்தனவாம்.
நான்கை இராமபாணப் பூச்சி முடித்துவிட்டது.
வாலரூவில் வீடு இடிக்கும் டார்சி போப்பிள்
மிச்சத்தைச் சுருட்டி ரப்பர் வளையம் போட்டு
கோதுமை லாரியின் முன்னிருக்கையில்
என் எடைமேடைக்கு அனுப்பியிருந்தான்.
"கிளெனிஸ், இது உன் பைத்தியத்துக்கு."

லாரி நாற்பத்திரண்டு டன்.
சுருளை வைத்துப் பார்த்தேன், சும்மா.
முள் அசையவில்லை.

மாலை, சமையலறை மேசையில் விரித்தேன்.
நான்கு மூலைக்கும் நான்கு பீன்ஸ் டின்.
தெரிந்த படம்தான்: 'மாவிஸ் டேலின் துறைமுகம்'.
தெரிந்த முகம்தான். சிவப்புத் தொப்பி.
வண்ணத்துக்கொரு முறை அழுத்தியதில்
சிட்னியில் எவனோ கைதவறி
உதட்டுச் சாயம் மட்டும்
உதட்டை விட்டு ஒரு மயிரிழை நகர்ந்திருந்தது.

ஆனால் வலது கை காலி.

லிண்டனின் பிரதியில் அந்தக் கையில் துப்பாக்கி.
விவாகரத்தில் அவன் கேட்ட முதல் பொருள்.
படகு வேண்டாம், நாய் வேண்டாம்,
"முதல் பதிப்பு எனக்கு" என்றான்.
வக்கீல் ட்ரெங்கோவ் அம்மாள்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள்.

துப்பாக்கி இல்லாதவை பிந்தியவை,
தணிக்கைக்குப் பயந்து ஆயுதத்தை அழித்தபின் அச்சானவை
என்பது லிண்டன் வாக்கு.
இருபது வருடம் நானும் நம்பினேன்
அவன் சொன்ன மற்றதையெல்லாம் போல.

அளவுகோலை வைத்தேன். அகலம் பத்து அங்குலம்.
எடுத்து மறுபடி வைத்தேன்.
பத்து.
அவனுடையது பதின்மூன்று;
சட்டம் போட அளந்தவளே நான்தானே.

பத்து என்றால் போர்.
காகிதத்துக்கும் ரேஷன்.
திருப்பிப் பார்த்தேன்: முதுகில் வேறெதோ படத்தின் பாதி,
ஒரு குதிரையின் பின்னங்கால்கள்,
தலையில்லாத ஒருவனின் கோட்டு.
பழைய தாளைத் திருப்பிப் போட்டு அடித்திருக்கிறார்கள்.

அடியில் மாவுப் பசையில் ஒட்டிய துண்டு:
'இன்ஸ்டிட்யூட் ஹால், நவம்பர் 14, செவ்வாய்'.
வருடம் இல்லை.
அடுத்த வாரத்துக்கு யார் வருடம் போடுகிறார்கள்?

காலண்டர் கணக்கு எனக்குப் பழக்கம்.
முப்பத்தொன்பதில் அது செவ்வாய்;
அன்று தாள் பதினைந்து அங்குலம்.
ஐம்பதிலும் செவ்வாய்;
அதற்குள் பதின்மூன்றுக்கு வந்துவிட்டார்கள்.
நடுவில் நாற்பத்து நான்கு.
அந்தச் செவ்வாய்க்கிழமைதான்.

லென்ஸை அவள் கைமேல் வைத்தேன்.
அழித்த தடம் இல்லை. சுரண்டல் இல்லை.
விரல்களுக்கு நடுவே வானத்தின் நீலம்
தடங்கலின்றிப் போகிறது.
கையசைக்கிறாள்.
கப்பல் புறப்படுகிறது, அவள் கையசைக்கிறாள்,
விஷயம் அவ்வளவுதான்.
துப்பாக்கியைப் பிற்பாடு யாரோ கொடுத்தது.
மறுவெளியீட்டுக்கு, டிக்கெட் போக,
அசையும் கையைப் பார்த்து
இதில் ஏதாவது வைக்கலாமே என்று.

லிண்டனின் எண் விரலுக்கு இன்னும் மறக்கவில்லை.
"உன் சுவரில் இருக்கிறதே, அதன் அகலம் என்ன?"
ஹலோ இல்லை, நலம் விசாரிப்பு இல்லை.
அந்தப் பக்கம் மூச்சு.
நாற்காலி இழுபடும் சத்தம்.
இரும்பு டேப் நீண்டு, படாரென்று உள்ளே ஓடும் சத்தம்.
"பதின்மூன்று," என்றான். "ஏன், என்ன ஆச்சு?"

நாய் என் காலடியில் வந்து படுத்தது.
மாவிஸ் டேல் மேசையில் கையை உயர்த்தியபடியே இருந்தாள்
எங்கள் இருவரில் யாருக்கென்று தெரியாமல்.

"சும்மா," என்றேன். "அளந்துகொண்டிருந்தேன்."

மணி ஒன்பதரை. பசித்தது.
ஒரு டின்னை எடுத்துத் திறந்தேன்.
அந்த மூலை
மெல்லச் சுருண்டுகொண்டது.